கேவிஎம்: ஹோஸ்ட் ஃபோல்டர் கெஸ்டில் மவுண்ட் ஆகிறது, எழுத அனுமதி இல்லை (9பி, வர்ட்டியோஎஃப்எஸ்)

நெசவாளி | கேள்வி

வணக்கம். கேவிஎம்மில் ஒரு விஎம் (விர்ச்சுவல் மெஷின்) ஓட்டுகிறேன். ஹோஸ்ட் (விஎம்மைத் தாங்கும் கணினி) உபுண்டு 22.04; விஎம்மை நிர்வகிக்கும் லிப்வர்ட் 8.0, அதை ஓட்டும் கியூஎமு 6.2. கெஸ்ட் (விஎம்முக்குள் ஓடும் சிஸ்டம்) டெபியன் 12. ஹோஸ்டில் ஹோம் அடைவுக்குள் "வேலை" என்றொரு ஃபோல்டர் இருக்கிறது. வர்ட்-மேனேஜரில் அதை ஃபைல்சிஸ்டம் சாதனமாகச் சேர்த்திருக்கிறேன்: டிரைவர் 9பி (ஃபோல்டரைப் பகிரும் ஒரு நெறிமுறை), மோட் மேப்டு. இரண்டு பக்கமும் பயனரின் யூஐடி (பயனர் எண்) 1000.

முதலில் விஎம் ஆன் ஆகவே இல்லை. ஃபோல்டரைத் திறக்க அனுமதி இல்லை என்று சொல்லி கியூஎமு நின்றுவிட்டது. ஹோம் அடைவை 711 ஆக்கியதும் ஆன் ஆனது. இப்போதைய நிலை இது:

1. ஹோஸ்டில் உருவாக்கிய கோப்புகள் கெஸ்டில் தெரிகின்றன. எல்எஸ் போட்டால் உரிமையாளர் 1000, அனுமதி 644 என்றுதான் காட்டுகிறது. ஆனால் திருத்திச் சேமிக்கப் போனால் "பெர்மிஷன் டினைட்". சூடோ போட்டாலும் அதே பதில்.

2. "வேலை" ஃபோல்டருக்கு மட்டும் 777 கொடுத்துப் பார்த்தேன். கெஸ்டில் புதுக் கோப்பு உருவாகிறது. ஹோஸ்டில் பார்த்தால் உரிமையாளர் லிப்வர்ட்-கியூஎமு, குரூப் கேவிஎம், அனுமதி 0600. ஹோஸ்டில் அதைத் திறக்க முடியவில்லை.

3. கெஸ்டில் போட்ட சிம்லிங்க் ஹோஸ்டில் வெறும் டெக்ஸ்ட் கோப்பாக நிற்கிறது.

4. கெஸ்டில் சிஎச்ஓன் போட்டால் மாறியதாகக் காட்டுகிறது. ஹோஸ்டில் ஒன்றும் மாறுவதில்லை.

எனக்கு வேண்டியது, ஒரே சோர்ஸ் கோடை இரண்டு பக்கமும் திருத்த வேண்டும். இன்னொரு டெஸ்ட் விஎம் அதே ஃபோல்டரைப் படிக்க மட்டும் வேண்டும். எல்லாவற்றுக்கும் 777 போடாமல் இதைச் செய்ய வழி உண்டா?

மதகு | பதில்

நான்கும் ஒரே காரணத்தால் வருகின்றன. கெஸ்டில் நீங்கள் யார் என்பது ஹோஸ்டுக்குத் தெரியாது. ஹோஸ்டில் அந்தக் கோப்பைத் தொடுவது ஒரு புராசஸ். அது எந்த யூஐடியில் ஓடுகிறதோ அந்த யூஐடிக்கு என்ன அனுமதியோ அதுதான் கடைசி வார்த்தை. 9பி-யில் அந்தப் புராசஸ் கியூஎமுவேதான். உபுண்டுவிலும் டெபியனிலும் சிஸ்டம் லிப்வர்ட் கியூஎமுவை லிப்வர்ட்-கியூஎமு என்ற பயனராக ஓட்டுகிறது, யூஐடி 64055.

இப்போது உங்கள் முதல் பிரச்சினையைப் பாருங்கள். கோப்பின் உரிமையாளர் 1000, அனுமதி 644. கெஸ்ட் கர்னல் இதைப் பார்த்து "இவர் 1000, எழுதலாம்" என்று விட்டுவிடுகிறது. கோரிக்கை ஹோஸ்டுக்கு வந்ததும் 64055 அந்தக் கோப்பை எழுதத் திறக்கப் பார்க்கிறது. 64055-க்கு அங்கே படிக்கும் அனுமதி மட்டும்தான். ஹோஸ்ட் கர்னல் மறுக்கிறது, அந்த மறுப்பு அப்படியே கெஸ்டுக்குத் திரும்புகிறது. அனுமதி இரண்டு இடத்தில் சரிபார்க்கப்படுகிறது, எல்எஸ் காட்டுவது முதல் இடத்தை மட்டும். சூடோ பயன்படாததும் இதனால்தான்: கெஸ்டின் ரூட், ஹோஸ்டில் 64055-ஐத் தாண்டி எதுவும் இல்லை.

மற்ற மூன்றும் மேப்டு மோட் வேலை செய்யும் விதம். கெஸ்ட் கேட்கும் யூஐடி, ஜிஐடி (குரூப் எண்), மோட் (அனுமதி எண்) ஆகியவற்றை ஹோஸ்ட் கோப்பில் நேரடியாக வைக்க கியூஎமுவுக்கு அதிகாரம் கிடையாது. அதனால் கோப்பைத் தன் பெயரில் 0600 என்று உருவாக்கி, கெஸ்டுக்குக் காட்ட வேண்டிய விவரங்களை யூசர்.விர்ட்எஃப்எஸ் என்று தொடங்கும் எக்ஸ்ஆட்டர்களில் (கோப்போடு ஒட்டியிருக்கும் கூடுதல் பண்புகள்) எழுதி வைக்கிறது. அடைவு என்றால் 0700. சிம்லிங்க் என்றால், இலக்குப் பாதையை உள்ளடக்கமாகக் கொண்ட சாதாரணக் கோப்பு. கெஸ்டில் சிஎச்ஓன் போட்டால் மாறுவது அந்த எக்ஸ்ஆட்டர் மட்டுமே. ஹோஸ்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம்:

கெட்ஃபாட்டர் -டி -எம் யூசர்.விர்ட்எஃப்எஸ் கோப்பின்பெயர்

யூஐடி, ஜிஐடி, மோட் என்று மூன்று வரி வரும். ஹோஸ்டில் உருவான கோப்புக்கு இதே கட்டளை ஒன்றும் காட்டாது. எந்தக் கோப்பு எந்தப் பக்கம் பிறந்தது என்று கண்டுபிடிக்க இதைவிட நேரான வழி இல்லை.

ஆக, மேப்டு மோட் கெஸ்ட் மட்டும் புழங்கும் ஃபோல்டருக்கு ஏற்றது. கண்டெய்னர் இமேஜ், கெஸ்டின் பேக்கப் மாதிரி விஷயங்களுக்கு நன்றாகவே உதவும். இரண்டு பக்கமும் திருத்த வேண்டிய சோர்ஸ் கோடுக்கு இது பொருந்தாது.

9பி-யிலேயே இருந்தாக வேண்டும் என்றால் ஒட்டுப்போடலாம். லிப்வர்ட் 6.10 முதல் ஃபைல்சிஸ்டம் எலிமெண்டில் எஃப்மோட், டிமோட் என்று இரண்டு பண்புகள் உண்டு; புதுக் கோப்பும் அடைவும் ஹோஸ்டில் எந்த அனுமதியோடு உருவாக வேண்டும் என்று சொல்பவை. மேப்டு மோடில் மட்டும் எடுபடும். எஃப்மோட் 0660, டிமோட் 0770 என்று வையுங்கள். பிறகு ஹோஸ்டில் செட்ஃபேக்கிள் (ஏசிஎல், அதாவது பயனர்வாரி அனுமதிப் பட்டியலை வைக்கும் கட்டளை) கொண்டு 64055-க்கும் 1000-க்கும் படிக்க, எழுத அனுமதியும் அடைவுகளில் நுழையும் அனுமதியும் கொடுங்கள். இருக்கும் கோப்புகளுக்கு ஒருமுறை, இனி வருபவற்றுக்காக டிஃபால்ட் ஏசிஎல் ஆக இன்னொரு முறை.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று: எஃப்மோட் மாற்றாமல் டிஃபால்ட் ஏசிஎல் மட்டும் போட்டால் பயன் இல்லை. கோப்பு 0600 என்று உருவாகும்போது அதன் குரூப் பிட்டுகள் ஏசிஎல் மாஸ்க்காக (அனுமதிகளின் மேல் வரம்பாக) மாறுகின்றன, மாஸ்க் வெறுமையாகிவிடும். கெட்ஃபேக்கிள் போட்டால் உங்கள் பெயருக்கு எதிரே எழுதும் அனுமதி இருக்கும், பக்கத்திலேயே "எஃபெக்டிவ்" என்று மூன்று கோடு இருக்கும். அந்த மூன்று கோடுதான் உண்மை நிலை.

ஹோம் அடைவை 711 ஆக்கியதற்குப் பதில் 750-க்கே திருப்பிவிட்டு, 64055-க்கு மட்டும் நுழையும் அனுமதியை ஏசிஎல்லில் கொடுங்கள். பாதையில் எந்த அடைவு தடுக்கிறது என்று பார்க்க நேம்ஐ கட்டளையை -எல் உடன் முழுப் பாதைக்கும் ஓட்டினால் ஒவ்வொரு படியின் உரிமையாளரும் மோடும் வரிசையாக வரும்.

துலாக்கோல் | பதில்

மதகு சொன்ன விளக்கத்தோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் ஒட்டுப்போட வேண்டாம், வர்ட்டியோஎஃப்எஸ்ஸுக்கு (ஹோஸ்ட் ஃபோல்டரை கெஸ்டுக்குப் பகிரும் இன்னொரு முறை) மாறிவிடுங்கள். லினக்ஸ் கர்னல் 5.4-இலேயே வந்துவிட்டது, டெபியன் 12-இன் கர்னல் 6.1. உபுண்டு 22.04-இல் இதற்கான டீமன் (பின்னணியில் ஓடும் புரோகிராம்) கியூஎமு பேக்கேஜ்களோடேயே வரும். 24.04-இல் வர்ட்டியோஎஃப்எஸ்டி என்று தனி பேக்கேஜாக நிறுவ வேண்டும். பழைய சி டீமன் கியூஎமு 8.0-இல் நீக்கப்பட்டது, இப்போது இருப்பது ரஸ்டில் எழுதியது.

அடிப்படை வேறுபாடு: இங்கே கோப்பைத் தொடுவது கியூஎமு இல்லை, வர்ட்டியோஎஃப்எஸ்டி என்ற தனி டீமன். சிஸ்டம் லிப்வர்டில் அது ரூட்டாக ஓடுகிறது. அதனால் யூஐடி எண் அப்படியே கடந்துபோகும். கெஸ்டின் 1000 எழுதினால் ஹோஸ்டில் 1000 எழுதியதாகவே பதிவாகும். உங்களுக்கு இரண்டு பக்கமும் 1000 என்பதால் மேப்பிங் எதுவும் தேவையில்லை.

செய்முறை:

1. விஎம்மை முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள். கெஸ்டுக்குள்ளிருந்து ரீபூட் செய்தால் போதாது; கியூஎமு புராசஸ் அதேதான் தொடரும், புது அமைப்பு ஏறாது.

2. வர்ட்-மேனேஜரில் மெமரி பக்கத்தில் "எனேபிள் ஷேர்டு மெமரி" என்பதை டிக் செய்யுங்கள். எக்ஸ்எம்எல்லில் எழுதுவதானால் மெமரிபேக்கிங் எலிமெண்டுக்குள் சோர்ஸ் வகை மெம்எஃப்டி, ஆக்ஸஸ் மோட் ஷேர்டு. இது இல்லாவிட்டால் வர்ட்டியோஎஃப்எஸ்ஸுக்கு ஷேர்டு மெமரி தேவை என்று சொல்லி லிப்வர்ட் விஎம்மை ஏற்காது. டீமன் தனிப் புராசஸ் என்பதால் கெஸ்டின் நினைவகத்தை அது நேரடியாகப் பார்க்க வேண்டும், கட்டாயம் அதற்காகத்தான். ஹியூஜ்பேஜ் தேவையில்லை.

3. பழைய 9பி சாதனத்தை நீக்கிவிட்டுப் புது ஃபைல்சிஸ்டம் சாதனம்: டிரைவர் வர்ட்டியோஎஃப்எஸ், சோர்ஸ் ஹோஸ்ட் பாதை, டார்கெட் ஒரு பெயர். எக்ஸ்எம்எல்லில் டார்கெட்டின் பண்புக்கு "டிர்" என்று பெயர் இருப்பதால் பலர் அங்கே கெஸ்டின் பாதையை எழுதிவிடுகிறார்கள். அது பாதை இல்லை, வெறும் டேக். நீள வரம்பு 36 பைட். சின்னதாக, இடைவெளி இல்லாத ஆங்கில எழுத்தில் வைப்பது நல்லது.

4. கெஸ்டில், டேக் பெயர் "வேலை" என்று வைத்துக்கொண்டால்:

மவுண்ட் -டி வர்ட்டியோஎஃப்எஸ் வேலை /எம்என்டி/வேலை

5. சரியாக வந்தபின் எஃப்ஸ்டேப்பில் (துவங்கும்போது மவுண்ட் ஆக வேண்டியவற்றின் பட்டியல்) ஒரு வரி: டேக், மவுண்ட் இடம், வகை வர்ட்டியோஎஃப்எஸ், பிறகு விருப்பங்களில் நோஃபெயில், கடைசியில் 0 0. நோஃபெயில் இல்லாமல் விட்டால், என்றாவது அந்தச் சாதனத்தை நீக்கும் நாளில் கெஸ்ட் எமர்ஜென்சி ஷெல்லில் போய் நிற்கும்.

ஹோஸ்டில் 64055-க்காகத் திறந்துவிட்ட 711, 777 இரண்டையும் திருப்பிவிடுங்கள். இனி அவற்றுக்கு வேலை இல்லை.

நெசவாளி

மிக்க நன்றி. மாற்றினேன். ஆனால் மவுண்ட் செய்யும்போது "ராங் எஃப்எஸ் டைப், பேட் ஆப்ஷன், பேட் சூப்பர்பிளாக்" என்று வருகிறது. விருப்பங்களில் யூஐடி=1000, ஜிஐடி=1000 சேர்த்திருக்கிறேன். மவுண்ட் செய்வதற்கு முன் /எம்என்டி/வேலை அடைவையும் 1000-க்கு சிஎச்ஓன் செய்தேன்.

இன்னொன்று. பழைய கோப்புகள் பாதி லிப்வர்ட்-கியூஎமு பெயரில் கிடக்கின்றன. அவற்றை எப்படி மீட்பது?

துலாக்கோல்

யூஐடி=, ஜிஐடி= இரண்டையும் எடுத்துவிடுங்கள். அவை சிஐஎஃப்எஸ், விஃபேட், வர்ச்சுவல்பாக்ஸின் விபாக்ஸ்எஸ்எஃப் போன்றவற்றுக்கான விருப்பங்கள். அங்கே யூனிக்ஸ் உரிமையாளர் விவரம் சரியாகக் கிடைக்காது, அதனால் மவுண்ட் செய்பவர் ஒரு பொய் உரிமையாளரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வர்ட்டியோஎஃப்எஸ்ஸில் உண்மையான உரிமையாளர் ஹோஸ்டிலிருந்தே வருகிறார். இந்த விருப்பத்தைக் கொடுத்தால் மவுண்டே தோற்றுவிடும்.

மவுண்ட் கட்டளையின் பிழைச் செய்தியை நம்பாதீர்கள், அது எல்லாத் தோல்விக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்லும். டிமெசேஜின் (கர்னல் செய்திகளைக் காட்டும் கட்டளை) கடைசி வரிகளைப் பாருங்கள். அறியாத பாராமீட்டர் யூஐடி என்று இருந்தால் விருப்பம் தவறு. டேக் கிடைக்கவில்லை என்று இருந்தால் எழுத்துப்பிழை, அல்லது விஎம் முழுதாக நின்று துவங்கவில்லை. கெஸ்ட் கர்னல் 6.9 அல்லது அதற்கு மேல் இருந்தால் /சிஸ்/எஃப்எஸ்/வர்ட்டியோஎஃப்எஸ் அடைவுக்குள் ஒவ்வொரு சாதனத்தின் டேக்கும் கோப்பாகவே கிடைக்கும், உங்கள் 6.1-இல் அது இல்லை.

மவுண்ட் இடத்தை முன்கூட்டி சிஎச்ஓன் செய்வதால் ஒரு பயனும் இல்லை. மவுண்ட் ஆனதும் அந்த அடைவு மறைந்து, ஹோஸ்ட் ஃபோல்டரின் வேர் அதன் இடத்தில் நிற்கும். மாற்ற வேண்டுமானால் மவுண்ட் ஆன பிறகு மாற்றுங்கள். அது ஹோஸ்டிலும் மாறும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கெஸ்டின் யூஐடி வேறாக இருக்கிறது என்று பின்னாளில் இதைப் படிப்பவர்களுக்கு: பெரும்பாலும் கெஸ்ட் பயனரின் எண்ணை மாற்றுவதே குறைந்த வேலை. அந்தப் பயனர் லாகவுட் ஆகியிருக்க வேண்டும். யூசர்மாட் -யூ ஹோம் அடைவுக்குள் இருப்பதைத் தானே மாற்றிவிடும். ஹோமுக்கு வெளியே உள்ளவற்றைப் பழைய எண்ணை வைத்து ஃபைண்ட் கட்டளையால் தேடி மாற்றுங்கள். குரூப்மாட் -ஜி கோப்புகளைத் தொடாது, குரூப் எண்ணை மட்டும்தான் மாற்றும். இதை மறந்தால் ஹோம் முழுக்கப் பெயரில்லாத குரூப் எண்களாக நிற்கும்.

மதகு

பழைய கோப்புகளுக்கு: ஹோஸ்டில் சிஎச்ஓன் -ஆர் போட்டு முடித்துவிடாதீர்கள். உரிமையாளர் சரியாகும், ஆனால் கெஸ்டில் இருந்த மோட் போய்விடும், எக்ஸிக்யூட் பிட் எல்லாம் காணாமல் போகும், சிம்லிங்க் டெக்ஸ்ட் கோப்பாகவே தங்கிவிடும். அந்த விவரங்கள் இருப்பது எக்ஸ்ஆட்டரில். அதைச் சரியாகப் படிக்கத் தெரிந்தது 9பி மட்டுமே.

எனவே ஒருமுறை 9பி அமைப்புக்கே திரும்பிப் போய், கெஸ்டுக்குள் மவுண்ட் செய்து, ரூட்டாக டார் எடுங்கள். நியூமெரிக்-ஓனர் விருப்பம் சேருங்கள். ஆர்க்கைவ் கெஸ்டின் சொந்த டிஸ்கில் இருக்கட்டும், பகிர்ந்த ஃபோல்டருக்குள் வேண்டாம். அப்புறம் வர்ட்டியோஎஃப்எஸ்ஸுக்கு மாறி, ஹோஸ்டில் பழைய ஃபோல்டரைப் பெயர் மாற்றி வைத்துவிட்டு, வெற்று ஃபோல்டரைப் பகிர்ந்து, கெஸ்டில் ரூட்டாக விரியுங்கள். உரிமையாளர், மோட், சிம்லிங்க் மூன்றும் உண்மையானவையாக ஹோஸ்டில் இறங்கும். எக்ஸ்ஆட்டர் குப்பையும் கூட வராது.

ஏற்கனவே 9பி சாதனம் போய்விட்டது, திரும்ப முடியாது என்றால் கையால்தான். யூசர்.விர்ட்எஃப்எஸ்.மோட் மதிப்பு நான்கு பைட், கடைப் பைட் முதலில் வரும் வரிசை. திருப்பி அடுக்கி எண்மத்தில் படித்தால் 100644 என்பது சாதாரணக் கோப்பு, 100755 என்பது இயங்கும் கோப்பு, 120777 என்பது சிம்லிங்க். சிம்லிங்க் ஆனவற்றின் உள்ளடக்கத்தைப் படித்து எல்என் -எஸ் போட வேண்டும். முடிந்ததும் செட்ஃபாட்டர் -எக்ஸ் கொண்டு அந்தப் பண்புகளை நீக்குங்கள். கிட் ரெப்போ என்றால் இந்தப் பாடே வேண்டாம். கமிட் செய்ததைப் புதிதாக குளோன் செய்வது பத்திரம்.

அரண் | பதில்

எழுதும் அனுமதி கிடைத்துவிட்டது, சரி. அதோடு சேர்ந்து ஹோஸ்டில் எதைத் திறந்துவிட்டீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

எண் அப்படியே கடக்கும் என்றால் 0-வும் அப்படியே கடக்கும். கெஸ்டின் ரூட், பகிர்ந்த ஃபோல்டருக்குள் ஹோஸ்ட் ரூட்டின் பெயரில் கோப்பு உருவாக்கலாம், அதற்கு செட்யூஐடி பிட்டும் (யார் ஓட்டினாலும் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓட வைக்கும் குறி) போடலாம். ஹோஸ்டில் சாதாரணக் கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அந்தக் கோப்பை ஓட்டினால் அவர் கையில் ஹோஸ்ட் ரூட். இதைத் தடுக்க இரண்டு வழி. பகிரும் ஃபோல்டரின் மேலடைவு 0700 ஆக இருக்கட்டும், மற்றக் கணக்குகள் உள்ளே நுழைய முடியாது. அல்லது ஃபோல்டரை அதன் மீதே பைண்ட் மவுண்ட் செய்து நோசூயிட், நோடெவ் (செட்யூஐடி பிட்டையும் சாதனக் கோப்புகளையும் முடக்கும் விருப்பங்கள்) போடுங்கள். பாதை /எஸ்ஆர்வி/வேலை என்று வைத்துக்கொண்டால்:

மவுண்ட் --பைண்ட் /எஸ்ஆர்வி/வேலை /எஸ்ஆர்வி/வேலை
மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,பைண்ட்,நோசூயிட்,நோடெவ் /எஸ்ஆர்வி/வேலை

அதன் மீதே என்பது முக்கியம். வேறு இடத்தில் பைண்ட் செய்து அதை மட்டும் பகிர்ந்தால், மூலப் பாதை வழியாக அதே கோப்பை ஓட்டும்போது நோசூயிட் எடுபடாது.

ஹோம் அடைவை முழுதாக ஒருபோதும் பகிராதீர்கள். பாஷ்ஆர்சியையும் எஸ்எஸ்எச் சாவிப் பட்டியலையும் கெஸ்ட் எழுத முடிந்தால் கெஸ்டும் ஹோஸ்டும் வேறல்ல. சோர்ஸ் கோடு ஃபோல்டரிலும் கிட் ஹூக்குகள், மேக்ஃபைல் எல்லாம் இருக்கின்றன. கெஸ்ட் எழுதிய ஹூக்கை ஹோஸ்டில் நீங்கள் கமிட் செய்யும்போது உங்கள் பெயரில்தான் ஓடும். நம்பிக்கை இல்லாத மென்பொருளைச் சோதிக்கும் விஎம்முக்கு எழுதும் பகிர்வே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

டெஸ்ட் விஎம்முக்குப் படிக்க மட்டும் என்றீர்கள். கெஸ்டின் எஃப்ஸ்டேப்பில் ஆர்ஓ போடுவது பாதுகாப்பு ஆகாது, கெஸ்ட் ரூட் ஒரு ரீமவுண்டில் அதை மாற்றிவிடுவார். பூட்டு ஹோஸ்ட் பக்கம் இருக்க வேண்டும். லிப்வர்ட் 8.0, வர்ட்டியோஎஃப்எஸ் சாதனத்துக்கு ரீட்ஒன்லி எலிமெண்டை ஏற்காது. ஆகவே ஹோஸ்டின் எஃப்ஸ்டேப்பில் /எஸ்ஆர்வி/வேலை-யை /எஸ்ஆர்வி/வேலை-படிக்க என்ற இடத்தில் பைண்ட், ஆர்ஓ விருப்பங்களோடு மவுண்ட் செய்து, இரண்டாவது பாதையை டெஸ்ட் விஎம்முக்குக் கொடுங்கள். விஎம் துவங்கும் முன் அந்த மவுண்ட் தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் டீமன் வெற்று அடைவைப் பிடித்துக்கொள்ளும். கெஸ்டில் டச் போட்டுப் பாருங்கள், ரூட்டுக்கும் "ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்" என்று வந்தால் சரி.

ரூட் டீமனே வேண்டாம் என்பவர்களுக்கு லிப்வர்ட் 10.0 முதல் செஷன் மோடிலும் வர்ட்டியோஎஃப்எஸ் உண்டு, உபுண்டு 24.04-இல் இருப்பது அந்தப் பதிப்புதான். டீமன் உங்கள் கணக்கிலேயே, யூசர் நேம்ஸ்பேஸுக்குள் ஓடும். ஆனால் அங்கே எண் அப்படியே கடக்காது. ஒன்றும் சொல்லாவிட்டால் கெஸ்டின் 0 ஹோஸ்டில் நீங்கள். மற்ற எண்கள் /இடிசி/சப்யூஐடி-யில் உங்களுக்கு ஒதுக்கிய வரம்புக்குப் போகும். வரம்பு 100000-இல் தொடங்கினால் கெஸ்டின் 1000 ஹோஸ்டில் 100999. ஹோஸ்டில் 100999 என்ற உரிமையாளரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கெஸ்டின் 1000 ஹோஸ்டிலும் 1000 ஆக இருக்க வேண்டுமானால் ஐடிமேப் எலிமெண்டில் யூஐடிக்கு மூன்று வரி: தொடக்கம் 0, இலக்கு 100000, எண்ணிக்கை 1000; தொடக்கம் 1000, இலக்கு 1000, எண்ணிக்கை 1; தொடக்கம் 1001, இலக்கு 101000, எண்ணிக்கை 64536. ஜிஐடிக்கும் அதேபோல மூன்று. கெஸ்ட் ரூட்டுக்கு ஹோஸ்டில் ஒரு மதிப்பும் இல்லாத எண் கிடைப்பதால் மேலே சொன்ன செட்யூஐடி கவலையும் போய்விடும். முடிந்தவர்கள் இந்த வழியில் போகவே சொல்வேன்.

படிமம் | பதில்

ஃபெடோரா ஹோஸ்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேர்க்கை. அங்கே 9பி-யில் யூஐடி, ஏசிஎல் எல்லாம் சரியாக இருந்தும் மறுப்பு வந்தால் காரணம் எஸ்இலினக்ஸ் (கர்னலின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு). ஆசர்ச் கட்டளையில் ஏவிசி வகையை மட்டும் கேட்டுப் பார்த்தால் மறுப்பு தெரியும். செமனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் மூலம் அந்த ஃபோல்டருக்கு எஸ்விர்ட்_இமேஜ்_டி வகையைப் பதிந்து, ரெஸ்டோர்கான் -ஆர் ஓட்டுங்கள். சிஎச்கான் மட்டும் போட்டால் அடுத்த ரீலேபிளில் அழிந்துபோகலாம். எஸ்இலினக்ஸை அணைப்பது தீர்வு இல்லை. விஎம்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைத்திருப்பதே அதுதான். ரெட்ஹேட் கர்னலில் 9பி மாட்யூலே கிடையாது, அங்கே தேடி நேரம் போக்க வேண்டாம்.

வர்ச்சுவல்பாக்ஸில் இதே கேள்வி வேறு விடை பெறும். தானாக மவுண்ட் ஆகும் ஃபோல்டர் ரூட் பெயரில், விபாக்ஸ்எஸ்எஃப் குரூப்பில், 0770-ஆக வரும். கெஸ்ட் பயனரை அந்தக் குரூப்பில் சேர்த்து லாகவுட், லாகின் செய்தால் போதும். அங்கே சிஎச்மாட், சிஎச்ஓன் எடுபடாது. உரிமையாளரையும் மோடையும் மவுண்ட் விருப்பங்களில் யூஐடி, ஜிஐடி, டிமாஸ்க், எஃப்மாஸ்க் கொண்டுதான் சொல்ல வேண்டும்.

நெசவாளி

யூஐடி விருப்பத்தை எடுத்ததும் மவுண்ட் ஆகிவிட்டது, இரண்டு பக்கமும் எழுத முடிகிறது. டார் முறையில் சிம்லிங்க்குகளும் மீண்டன. படிக்க மட்டுமான பைண்டும் சரி.

இரண்டு விஷயம் மிச்சம். ஹோஸ்டில் "குழு" என்ற குரூப்புக்கு எழுத அனுமதி உள்ள ஒரு 2775 அடைவு இருக்கிறது. கெஸ்டிலும் அதே ஜிஐடியோடு குரூப் உருவாக்கிப் பயனரைச் சேர்த்தேன். பழைய கோப்புகளைத் திருத்த முடிகிறது, புதுக் கோப்பு உருவாக்கினால் மறுப்பு. இன்னொன்று, ஹோஸ்டில் கோப்பைத் திருத்தினால் கெஸ்டில் ஓடும் டெவ் சர்வர் ரீலோட் ஆவதில்லை.

துலாக்கோல்

முதலாவது அனுமதிப் பிழை இல்லை, நெறிமுறையின் குறை. கோப்பு உருவாக்கும்போது மட்டும் டீமன் கேட்பவரின் யூஐடிக்கும் ஜிஐடிக்கும் மாறிக்கொள்கிறது, புதுக் கோப்பின் உரிமையாளர் சரியாக அமைய. ஆனால் ஃபியூஸ் (வர்ட்டியோஎஃப்எஸ் பேசும் நெறிமுறை) கோரிக்கையில் வருவது முதன்மை ஜிஐடி ஒன்றுதான். துணைக் குரூப்புகள் வருவதில்லை. உங்கள் எழுதும் உரிமை துணைக் குரூப் வழியாக வருகிறது, டீமனுக்கு அது தெரியாது. திருத்தும்போது அனுமதியைச் சரிபார்ப்பது கெஸ்ட் கர்னல், அதற்கு உங்கள் குரூப்புகள் எல்லாம் தெரியும், அதனால் விட்டுவிடுகிறது. இதற்கான நீட்டிப்பு கர்னல் 6.3-இல் வந்தது, டீமனும் அதைப் புரிந்துகொள்ளும் பதிப்பாக இருக்க வேண்டும். உங்கள் 6.1 கெஸ்டில் நியூகுரூப் கட்டளையால் "குழு"வை முதன்மையாக்கிக்கொண்டு வேலை செய்யுங்கள், அல்லது பயனரின் முதன்மைக் குரூப்பையே மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது: ஹோஸ்டில் நடக்கும் மாற்றத்துக்கு கெஸ்டில் ஐநோட்டிஃபை (கோப்பு மாறியதை அறிவிக்கும் கர்னல் வசதி) நிகழ்வு எழாது. கோப்பின் புது உள்ளடக்கம் கெஸ்டில் கிடைக்கும், யாரும் தட்டிச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். டெவ் சர்வரின் வாட்சரை போலிங் முறைக்கு (அவ்வப்போது தானே போய்ப் பார்ப்பது) மாற்றுங்கள். பெரும்பாலானவற்றில் அதற்கு ஒரு விருப்பம் உண்டு. நோட்_மாட்யூல்ஸ் மாதிரியான பெரிய மரங்களை அதிலிருந்து விலக்குங்கள், இல்லையென்றால் போலிங்கே சிபியுவைத் தின்னும். கேஷ் விருப்பத்தை "ஆல்வேஸ்" ஆக்கி வேகப்படுத்தச் சொல்லும் குறிப்புகளைப் பார்ப்பீர்கள். ஹோஸ்டிலும் திருத்தும் உங்களுக்கு அது ஆகாது. கெஸ்ட் பழைய உள்ளடக்கத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். இயல்பான "ஆட்டோ"வே இருக்கட்டும்.

மதகு

அந்த ஃபோல்டருக்குள் எஸ்க்யூலைட் கோப்போ வேறு டேட்டாபேஸோ இருந்தால் கெஸ்டின் டிஸ்குக்கு மாற்றிவிடுங்கள். கெஸ்ட் போடும் லாக் (பூட்டு) இயல்பாக கெஸ்டுக்குள்ளேயே நிற்கும், ஹோஸ்டுக்குப் போகாது. ஹோஸ்டும் கெஸ்டும் ஒரே நேரத்தில் "லாக் என்னிடம்" என்று நினைத்து எழுதினால் கோப்பு கெட்டுப்போகும், அப்போது எந்தப் பிழைச் செய்தியும் வராது.

விஎம்மை சேவ் செய்து வைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் மாற்ற வேண்டியிருக்கும். 9பி மவுண்ட் ஆகியிருக்கும்போது கியூஎமு மைக்ரேஷனையும் சேவ் செய்வதையும் மறுக்கும், உங்கள் பதிப்பில் வர்ட்டியோஎஃப்எஸ்ஸும் அப்படியே. கெஸ்டில் அன்மவுண்ட் செய்து, வர்ட்டியோஎஃப்எஸ் என்றால் சாதனத்தையும் கழற்றிவிட்டு சேவ் செய்யுங்கள். அல்லது முறையாக ஷட்டவுன் செய்யுங்கள்.